வடிகட்டியும் கொல்லாமையும்

காஞ்சிபுரத்தை அடுத்துள்ள திருப்பருத்திக்குன்றத்தில் பழைய கோயில் கொண்ட சமணம், நீரைத் துணியில் வடித்துக் குடிப்பதோடு, துணியில் தங்கிய நுண்ணுயிர்களை எடுத்த நீர்நிலைக்கே திருப்பி விடுவதையும் கொல்லாமையின் கடமையாக வகுத்தது. மிகுதியாக உண்டு மிகுதியாகக் கழிவை விடும் சிக்லிட் மீன்களுக்கெனத் தேர்ந்தெடுக்கப்படும் கேனிஸ்டர் வடிகட்டி, அதாவது தொட்டிக்கு வெளியே மூடிய கலத்தின் வழியே நீரைச் செலுத்தித் தூய்மையாக்கும் கருவி, அக்கடமையை வேறொரு வடிவில் எழுப்புகிறது. ஏனெனில் நச்சான அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், பின்னர் தீங்கு குறைந்த நைட்ரேட்டாகவும் மாற்றுவது, கலத்திலுள்ள நுண்துளைக் கற்களில் குடியேறிய பாக்டீரியாக்களே. மீனை அடைத்து வைப்பது தகுமா என்ற கேள்விக்கு எந்தக் கருவியும் விடையாகாது. ஆயினும் அடைத்தவர் நல்ல நீருக்குக் கடன்பட்டவர் என்பதால், மணிக்கு ஓடும் லிட்டரைவிட, அந்தப் பாக்டீரியாக்களுக்குக் கலம் தரும் இடத்தையே அவர் முதலில் பார்க்க வேண்டும். குளோரின் கலந்த குழாய்நீர் அவற்றைக் கொன்றுவிடக்கூடும் என்பதால், தொட்டியிலிருந்து எடுத்த நீரிலேயே கற்களை அலசுவது முறை.