மாடஸ்டி செத்துவிட்டாளா?

விருதுநகர் மாவட்டத்துக்குள்ளேயே இரண்டு ஊர்கள். சிவகாசியில் 1984இல் 'கத்தி முனையில் மாடஸ்டி'யோடு லயன் காமிக்ஸ் பிறந்தது. குண்டாற்றங்கரைத் திருச்சுழியில் 1879 டிசம்பர் 30 அன்று வேங்கடராமன் பிறந்தார்; பின்னாளில் ரமண மகரிஷி. கரிசலையும் சீமைக்கருவேலத்தையும் விட்டால் இரண்டு பிறப்புக்கும் என்ன சம்பந்தம்? மாடஸ்டி ரசிகர்களின் சண்டையைக் காது கொடுத்துக் கேட்க வேண்டும்.

சண்டை முகத்தில் தொடங்கும். பீட்டர் ஓ'டோனல் எழுத, ஜிம் ஹோல்டவே வரைய, 1963 மே மாதம் லண்டன் நாளிதழில் படக்கதை நாயகியாக வந்தவள் மாடஸ்டி. 1970இல் ஒரு கதை பாதியில் நிற்க, ஹோல்டவே இறந்தார். மீதியை ஸ்பெயின்காரர் ரொமேரோ வரைந்தார். ரொமேரோவின் முகத்தைப் பார்த்து வளர்ந்தவருக்கு ஹோல்டவேயின் மாடஸ்டி அந்நியம்தான்.

பெயராவது நிலையா? அகதி முகாமிலிருந்து தப்பிய அநாதைச் சிறுமிக்குத் தன் பெயரே நினைவில்லை. வழித்துணையாக வந்த கிழவர் லோப் வைத்த பெயர் மாடஸ்டி. 'பிளைஸி' அவளே சேர்த்துக்கொண்டது.

பெரிய சண்டை சாவில். 1996இல் 'கோப்ரா ட்ராப்' சிறுகதைத் தொகுப்பின் கடைசிக் கதையில் ஓ'டோனலே அவளைக் கொன்றுவிட்டார். ஐம்பது தாண்டிய வயது, மூளையில் கட்டி. ஒரு ரயில்நிறைய மனிதர்கள் தப்பிக்கத் துப்பாக்கியோடு பின்தங்குகிறாள். படக்கதையிலோ 2001 ஏப்ரல் வரை இளமை மாறாமல் வந்தாள். எழுதியவர் சொன்னால் செத்ததுதான் என்கிறது ஒரு கட்சி. அந்தப் புத்தகத்தைத் தொடவே மாட்டோம் என்கிறது இன்னொன்று.

இதே சாவுக் கேள்வி திருச்சுழிக்காரருக்கும் வந்தது. 1896இல் மதுரையில், சித்தப்பா வீட்டு மாடியறையில், பதினாறு வயது வேங்கடராமனைச் சாவுபயம் கவ்வியது. கைகாலை விறைத்து நீட்டி, உதட்டை இறுக மூடி, பிணம்போலக் கிடந்து, சாவது எது என்று பார்த்தார். உடம்புதான் சாகிறது, 'நான்' சாகவில்லை என்று கண்டார். மாடஸ்டிக்கு இது பாதிதான் பொருந்தும். முகமும் பெயரும் அவளல்ல என்பதுவரை சரி. 'நான் யார்' என்று கேட்க அவளுக்குள் ஆளில்லையே! காமிக்ஸுக்கு ரமணரை இழுப்பது அபசாரம் என்று யாராவது முறைக்கலாம். யாருக்காக அழுகிறோம் என்று கேட்பதில் என்ன அபசாரம்?

மிஞ்சுவது அவள் நடத்தை. குற்றக்கும்பல் நடத்திய நாளிலும் போதைப்பொருளைத் தொட்டதில்லை, கூட்டாளி கார்வினைக் கைவிட்டதில்லை. ரயிலுக்காக நின்றவளும் அதே ஆள்தான். 'கோப்ரா ட்ராப்'பைப் பிரிக்காமலே வைத்திருக்கும் ரசிகர்கள் தைரியமாக எடுத்துப் படிக்கலாம்.