விட்ட இடம்

அவதானம் என்னும் வடசொல்லுக்குக் கவனம் என்பதே நேர்ப்பொருள் என்றாலும், தமிழிலும் தெலுங்கிலும் அது நெடுங்காலமாக ஒரு கலையின் பெயராகவும் வழங்கிவருகிறது. ஒருவர் அவை நடுவே அமர்ந்து, பலர் மாறிமாறி விடுக்கும் வினாக்களையும் வேலைகளையும் நினைவில் நிறுத்தி, ஒன்றையும் தவறவிடாமல் முடித்துக் காட்டுவதே அக்கலை. எட்டைக் கையாண்டால் அட்டாவதானம், பத்தென்றால் தசாவதானம், பதினாறென்றால் சோடசாவதானம், நூறென்றால் சதாவதானம் என எண்ணிக்கையைக் கொண்டே பெயர்கள் அமைந்தன. தமிழில் இதனைக் கவனகம் என்றும், அதில் வல்லவரைக் கவனகர் என்றும் சொல்வர். நாகர்கோவிலை அடுத்த இடலாக்குடியில் 1874ஆம் ஆண்டு பிறந்த செய்குத்தம்பிப் பாவலர், 1907ஆம் ஆண்டு மார்ச் 10ஆம் நாள் சென்னை விக்டோரியா மண்டபத்தில் சதாவதானம் நிகழ்த்தினார். அன்று முதல் சதாவதானி என்பது அவர் பெயரோடு ஒட்டிக்கொண்டது. திரு.வி.க.வுக்குத் தமிழ் கற்பித்த யாழ்ப்பாணத்து நா. கதிரைவேற்பிள்ளையும் சதாவதானி என்றே அறியப்பட்டவர்.

ஒரு காதில் கைப்பேசியும் ஒரு கண்ணில் தொலைக்காட்சியுமாக இருந்துகொண்டே அலுவலக மின்னஞ்சலுக்கு மறுமொழி எழுதுபவரை இக்காலத்தில் அட்டாவதானி என்று வேடிக்கையாகச் சொல்வதுண்டு. வேடிக்கை என்ற அளவில் அது சரியே. ஆயினும் கவனகர் அரங்கில் செய்வதும் இவர் நாற்காலியில் செய்வதும் ஒன்றுக்கொன்று நேர்மாறான செயல்கள் என்பதை, அந்த அரங்கைச் சற்று நெருங்கிப் பார்த்தால் அறியலாம்.

கவனகரின் பின்னால் அமர்ந்திருக்கும் ஒருவர், தமக்குத் தோன்றும்போதெல்லாம் ஒரு சிறு கல்லையோ பூவையோ அவர் முதுகில் எறிகிறார். மற்றொருவர் ஒழுங்கில்லாத இடைவெளிகளில் மணி அடிக்கிறார். ஒருவர் ஈற்றடி ஒன்றைக் கொடுத்து வெண்பா கேட்கிறார். ஒருவர் பெருக்கல் கணக்குச் சொல்கிறார். ஒருவர் ஆண்டும் மாதமும் நாளும் சொல்லிக் கிழமையைக் கேட்கிறார். எதிரே சதுரங்கப் பலகையை வைத்துக்கொண்டு காய் நகர்த்துபவரும் இருக்கலாம். முதுகில் விழுந்த கற்கள் எத்தனை, மணி எத்தனை முறை ஒலித்தது என்பதைக் கவனகர் இறுதியில் பிசகாமல் சொல்ல வேண்டும். தெலுங்கு அட்டாவதானத்தில் இதற்கும் மேலாக, அப்பிரஸ்துத பிரசங்கம் என்னும் ஓர் உறுப்பு உண்டு. நிகழ்வுக்குத் தொடர்பில்லாத பேச்சு என்பது அதன் பொருள். கவனகர் செய்யுளின் அடியைக் கட்டிக்கொண்டிருக்கும் வேளை பார்த்து, ஊர்க்கதையும் கேலியும் குதர்க்கக் கேள்வியுமாகக் குறுக்கிட்டு அவரைத் திசைதிருப்புவதற்கென்றே ஒருவரை அவையில் அமர்த்துவார்கள். அவருக்கும் சுவையாக மறுமொழி சொல்லி, அவையைச் சிரிக்கவைத்துவிட்டு, கவனகர் அடியைத் தொடர வேண்டும். கவனத்தைக் கலைப்பதற்கே ஓர் ஆளை நியமித்து, அவருக்கு மேடையில் இருக்கையும் கொடுத்த மரபு உலகில் வேறெங்கேனும் இருக்குமா என்பது ஐயமே.

இதிலிருந்து தெரிவது, கவனகர் எட்டு வேலைகளை ஒரே நேரத்தில் செய்வதில்லை என்பதுதான். செய்யுளை ஒரே மூச்சில் முடிக்காமல், சுற்றுக்கு ஓர் அடியாகச் சொல்லி நிறுத்தி, அடுத்தவரிடம் போய், மீண்டும் அதனிடம் வருகிறார். அவர் பயின்றிருப்பது, ஒன்றை விடும்போதே அதை எங்கே விட்டோம் என்று மனத்தில் குறித்துக்கொள்வதும், பிறகு அந்த இடத்துக்கே வந்துசேர்வதும் ஆகும். எல்லாச் சுற்றுகளும் முடிந்தபின் அத்தனை செய்யுள்களையும் வரிசையாக ஒப்பிப்பதற்குத் தாரணை என்று பெயர். தாங்கிக்கொள்ளுதல் என்பது அச்சொல்லின் பொருள். தாரணையில் தவறினால் அதுவரை காட்டிய திறமை எடுபடாது.

கைப்பேசியின் குறுக்கீட்டுக்குத் தாரணை கிடையாது. அப்பிரஸ்துத பிரசங்கியாவது அரங்கில் ஒருவர்தான், அவருக்கு நேரமும் உண்டு. கைப்பேசிக்குள் அத்தகையோர் எண்ணிறந்தவர், அவர்களுள் ஒருவரும் எழுந்து போவதில்லை. உளவியலில் வேலை நினைவு என்று ஒரு கருத்து உண்டு. கையிலுள்ள செயலுக்கு வேண்டியவற்றை மட்டும் சிறிது நேரம் ஏந்திவைத்திருக்கும் மனத்தின் மேசை என்று அதைக் கொள்ளலாம். அந்த மேசை மிகச் சிறியது. புதிதாக ஒன்றை வைத்தால் இருப்பதில் ஒன்று விழும். ஆய்வாளர் சோஃபி லெராய் 2009ஆம் ஆண்டு வெளியிட்ட கட்டுரையில், ஒரு வேலையை முடிக்காமல் மற்றொன்றுக்குத் தாவும்போது மனத்தின் ஒரு பகுதி பழைய வேலையிலேயே தங்கிவிடுவதையும், அதனால் புதிய வேலையின் தரம் குறைவதையும் எடுத்துக்காட்டி, அதற்குக் கவன எச்சம் என்று பொருள்படும் பெயரைச் சூட்டினார். சமைக்க எடுத்த பாத்திரத்தில் முந்தைய குழம்பின் வாடை மிஞ்சியிருப்பது போன்றது அது.

கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் இர்வைன் வளாகப் பேராசிரியர் குளோரியா மார்க், 2004ஆம் ஆண்டில் அலுவலகப் பணியாளர்களின் அருகிலேயே இருந்து நேரம் கணக்கிட்டபோது, ஒருவரின் கவனம் கணினித் திரையில் ஒரு பொருளின்மீது சராசரியாக இரண்டரை நிமிடம் நின்றது; பிந்தைய ஆண்டுகளில் அது ஏறத்தாழ 47 விநாடியாகச் சுருங்கியது என்று அவர் பதிவு செய்திருக்கிறார். இவ்வெண்களைவிடக் கவனிக்கத்தக்கது அவர் கண்ட மற்றொன்று: குறுக்கீடுகளில் ஏறத்தாழப் பாதி வெளியிலிருந்து வருவதன்று; மணி அடிக்காதபோதும் மனிதர் தாமாகவே வேலையை விட்டுத் திரும்பிப் பார்க்கின்றனர். அடிக்கடி குறுக்கிடப்பட்டவர், குறுக்கீடு இல்லாதபோது அதைத் தாமே உண்டாக்கிக்கொள்கிறார். எல்லாப் பழியையும் கருவியின் தலையில் போடுவோர் இதை வசதியாக மறந்துவிடுகின்றனர்.

கருவிக்கும் பங்கில்லாமல் இல்லை. டெக்சாஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஏட்ரியன் வார்டும் உடன் ஆய்வாளரும் 2017ஆம் ஆண்டு வெளியிட்ட சோதனையில், கைப்பேசியை ஒலியடக்கி மேசைமேல் வைத்திருந்தவர்களைவிட, அதை வேறோர் அறையில் வைத்துவிட்டு வந்தவர்கள் நினைவுத் தேர்வில் நன்றாகச் செய்தனர். அடித்துக் கூப்பிடாத கைப்பேசியும், அதைப் பார்க்காமலிருக்க வேண்டுமே என்னும் முயற்சியில் மனத்தின் இடத்தை எடுத்துக்கொள்கிறது என்பது அவர்கள் தந்த விளக்கம். பின்வந்த சோதனைகள் சிலவற்றில் இதே விளைவு கிடைக்கவில்லையாதலால் இதை முடிந்த முடிபாகக் கொள்வதற்கில்லை. எனினும் கைப்பேசியை அடுத்த அறையில் வைப்பதற்குச் செலவு ஏதுமில்லை, எழுந்து போய் எடுத்துவர வேண்டும் என்னும் சோம்பலே பலமுறை காவலாக நின்றுவிடும்.

குறுக்கீட்டை அறவே ஒழித்த வாழ்க்கை பெரும்பாலோருக்கு வாய்ப்பதன்று. பிள்ளை அழும், பால்காரர் கூப்பிடுவார், மேலதிகாரி அழைப்பார். ஆகவே நடைமுறையில் பயன் தருவது கவனகரின் முதற்பாடம்தான்: விடும்போது குறித்துவிட்டு விடுதல். லெராயும் திரேசா குளோம்பும் 2018ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வில், குறுக்கீடு வந்தவுடன் தாவிவிடாமல், நிறுத்திய இடம் எது, திரும்பியதும் செய்ய வேண்டியது என்ன என்பதை ஒரு நிமிடத்துக்கும் குறைவான நேரத்தில் எழுதிவைத்தவர்களுக்கு, இடையில் வந்த வேலையிலும் மனம் நன்றாகப் பதிந்தது. பேரேட்டில் நெடுங்கணக்குக் கூட்டும் கணக்குப்பிள்ளை, யாரேனும் பேச்சுக் கொடுத்தால், கூட்டிய தொகையை ஓரத்தில் பென்சிலால் குறித்து, அந்த வரியின்மேல் விரலை வைத்துக்கொண்டுதான் தலை நிமிர்வார். பேச்சு எவ்வளவு நீண்டாலும் விரல் நகராது.

களத்துமேட்டில் நெல் அளப்பவரிடமும் இதைக் காணலாம். முதல் மரக்காலை ஒன்று என்னாமல் லாபம் என்று மங்கலமாகத் தொடங்கும் அவர், ஒவ்வோர் எண்ணையும் ஒருமுறை சொல்லி நிறுத்துவதில்லை; அடுத்த மரக்கால் நிறைந்து சாக்கில் கவிழும்வரை அதே எண்ணை ஒருவகை இராகத்தோடு திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டே இருக்கிறார். இடையில் வந்து யாரேனும் விலை கேட்டால், இரு என்று இடக்கை மட்டும் உயர்கிறது. வாய் அந்த எண்ணையே சொல்லிக்கொண்டிருக்கிறது.