திரும்பி வரும் பேருந்து

நோட்டுப் பக்கத்தின் நடுவே ஒரு கோடு போட்டேன். இடப்பக்கம் போவதற்கு, வலப்பக்கம் திரும்புவதற்கு. ஒவ்வொரு நாளுக்கும் வலப்பக்கத்தைத்தான் முதலில் நிரப்பினேன். அந்த ஊரில் என்ன பார்க்கலாம் என்பதெல்லாம் பிறகு. அங்கிருந்து கடைசி வண்டி எத்தனை மணிக்கு என்பதுதான் முதல் கேள்வி. மூன்றாம் நாளுக்கு வந்தபோது எனக்கே உறைத்தது. 46 வயதில், இத்தாலியில், யாருக்கும் பதில் சொல்ல வேண்டியில்லாத ஐந்து நாட்களில்கூட, திரும்பும் நேரத்தைத்தான் முதலில் குறித்துக்கொண்டிருந்தேன்.

ரோமில் ஒரு கவிதை வாசிப்புக்கு அழைத்திருந்தார்கள். அது முடிந்ததும் நடு இத்தாலியின் மலையூர்கள் சிலவற்றைத் தனியாகப் பார்த்துவிட்டு வருவதாகத் திட்டம். ஊரில் என்னோடு வேலை பார்க்கும் நண்பர் ஒருவர், "கார் வாடகைக்கு எடுத்துக்கோங்க மேடம். பஸ்ஸ நம்பினா பஸ்ஸுக்கு அடிமை. கார்னாதான் சுதந்திரம்" என்றார். எனக்குக் கார் ஓட்டத் தெரியாது. கற்றுக்கொள் என்று யாரும் சொன்னதில்லை, எனக்கும் தோன்றியதில்லை. அவர் அக்கறையோடுதான் சொன்னார். ஆனாலும் அந்தச் சொல் பயணம் முழுக்கக் கூடவே வந்தது. கால அட்டவணைக்குக் கட்டுப்பட்டுப் போய்வருவது சுதந்திரம் ஆகாதா?

அந்த ஊர்களின் அமைப்பை முதலில் சொல்ல வேண்டும். பகைவர் ஏறி வரக் கூடாது என்பதற்காக மலைமேல் மதில் கட்டி எழுப்பிய ஊர்கள் அவை. 19ஆம் நூற்றாண்டில் வந்த ரயிலோ சமவெளியோடு போய்விட்டது. அதனால் பல ஊர்களுக்கு ஊரின் பெயர் தாங்கிய ரயில் நிலையம் அடிவாரத்தில் இருக்கும். ஊர் மேலே இருக்கும். இடையில் ஒரு பேருந்து. ஓர்வியேத்தோவில் மட்டும் பேருந்துக்குப் பதிலாக, 1888இல் முதலில் ஓடத் தொடங்கிய கம்பி இழுவை ரயில் ஒன்று இருக்கிறது.

கண்ணுக்குத் தெரிகிற ஊருக்குப் போக வழி இருக்கும் என்று நினைக்கக் கூடாது. மோந்தெபுல்சானோவும் கொர்தோனாவும் ஒரே பள்ளத்தாக்கின் இரு கரைகளில் எதிரெதிரே நிற்பவை. பேருந்தை நம்பி ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் போக, கீழே இறங்கிக் கியூசி ரயில் நிலையம், அங்கிருந்து ரயில், மறுபடி மலையேறும் பேருந்து என்று திட்டம் போட வேண்டியிருந்தது. இரண்டையும் ஒரே நாளில் பார்த்துவிடலாம் என்று எழுதியதை அடித்துவிட்டேன். ஒரு நாளுக்கு ஒரு மலை, அல்லது ஒரே ரயில் பாதையில் அடுத்தடுத்து இருக்கும் இரண்டு ஊர்கள் என்று முடிவு செய்தேன்.

பிறகு அட்டவணையின் மொழி. ஃபெரியே என்றால் விடுமுறை. ஆனால் ஃபெரியாலே என்றால் வேலைநாள். திங்கள் முதல் சனி வரை. ஃபெஸ்தீவோ என்றால் ஞாயிறும் பண்டிகை நாட்களும். ஸ்கொலாஸ்திகோ என்று போட்டிருந்தால் பள்ளி நடக்கும் நாட்களில் மட்டும் ஓடும் வண்டி. பல வருடம் இலக்கணம் நடத்தியவள் நான். ஒரு விகுதியில் ஒரு நாளே மாறிப்போவதை அங்கேதான் பார்த்தேன். பயணச்சீட்டைப் புகையிலைக் கடையில் வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும். அச்சிட்ட ரயில் சீட்டாக இருந்தால் ஏறுமுன் நடைமேடையில் இருக்கும் இயந்திரத்தில் முத்திரை குத்த வேண்டும். அப்புறம் ஷோப்பெரோ, வேலைநிறுத்தம். முன்கூட்டியே அறிவித்துவிடுவார்கள். வேலைக்குப் போகிறவர்களும் வீடு திரும்புகிறவர்களும் அல்லாடக் கூடாதென்று, சில மணி நேரம் மட்டும் வண்டிகள் கட்டாயம் ஓட வேண்டும். 1990இல் வந்த சட்டம் இதற்கு அடிப்படை.

என் வெள்ளிக்கிழமையை அப்படி ஒரு வேலைநிறுத்தம் எடுத்துக்கொண்டது. பெருஜியாவிலேயே இருந்துவிட்டேன். அந்த ஊரை அடக்கிவைப்பதற்காக 16ஆம் நூற்றாண்டில் போப் மூன்றாம் பவுல் கட்டிய கோட்டையின் வயிற்றுக்குள் இன்று பொது நகரும் படிக்கட்டுகள் ஓடுகின்றன. காய்கறிப் பையோடு ஒரு பாட்டி அதில் ஏறிப் போனாள். நானும் அவள் பின்னால் ஏறினேன்.

அதற்கு முந்தைய நாள், வியாழனன்று, அசிசிக்குப் போயிருந்தேன். பெருஜியாவிலிருந்து அரை மணிகூட ஆகாத ரயில் பயணம். இறங்கும் இடம் சாந்தா மரியா தெலி ஆஞ்சலி, அதாவது சமவெளி. அங்கே ஒரு பெரிய தேவாலயத்துக்குள் போர்சியுங்குலா என்ற சின்னஞ்சிறு கோயில் இருக்கிறது. 1212 வாக்கில், குருத்தோலை ஞாயிறு இரவில், மேட்டுக்குடிப் பெண்ணான கிளாரா மலைமேலிருந்த தன் வீட்டைவிட்டு வெளியேறி இந்தச் சிறு கோயிலுக்குத்தான் வந்தாள். பதினெட்டு வயது இருக்கலாம். இங்கேதான் பிரான்சிஸ் அவள் கூந்தலை வெட்டினார். உறவினர்கள் திரும்ப இழுத்துப்போக வந்தபோது, வெட்டிய தலையைக் காட்டித் திருப்பி அனுப்பினாள் என்கிறது அவள் வரலாறு. அதன் பிறகு சான் தமியானோ மடத்தின் மதிலுக்குள் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் இருந்து, 1253இல் இறந்தாள். இறப்பதற்குச் சற்று முன்புதான் அவள் எழுதிய துறவற விதிநூலுக்குப் போப்பின் ஒப்புதல் வந்தது. பெண் எழுதிய முதல் விதிநூல் என்று அதைச் சொல்கிறார்கள்.

நான் நகரப் பேருந்தில் மலை ஏறினேன். கிளாரா ராத்திரியில் இறங்கியதும் இதே சரிவில்தான். சான் தமியானோ வரை நடந்து போய்ப் பார்த்துவிட்டு, பிற்பகலில் கீழே இறங்கி, அதே ரயில் பாதையில் இருக்கும் ஸ்பெல்லோவில் ஒரு மணி நேரம் சந்துகளில் திரிந்துவிட்டு, இருட்டுவதற்குள் பெருஜியா திரும்பிவிட்டேன். ரயிலில் உட்கார்ந்திருக்கும்போது ஒன்று தோன்றியது. கிளாராவால் வெளியே வர முடிந்தது. திரும்பிப் போக முடிந்திருக்குமா? வெளியே வந்ததே திரும்பாமல் இருப்பதற்கான விலையைக் கொடுத்துத்தானே?

நம் இலக்கியத்திலும் அப்படித்தான். உடன்போக்கில் போன மகளைத் தேடிச் செவிலித்தாய் பாலை வழியில் போகிறவர்களை எல்லாம் விசாரிக்கிறாள். கண்ணகி விடியுமுன் புகாரை விட்டாள்; புகாருக்குத் திரும்பவேயில்லை. காரைக்காலம்மையார் உருவத்தையே உதறிவிட்டுப் போனார். கடல் கடந்த பயணம் பெண்ணோடு இல்லை என்று தொல்காப்பியம் வழக்கைச் சொல்கிறது. பெண் ஒன்று வீட்டில் இருப்பாள். அல்லது காதலுக்காக, கடவுளுக்காக, நீதிக்காக ஒரேயடியாகப் போவாள். காலையில் சும்மா ஓர் ஊரைப் பார்க்கப் போய், சாயங்காலம் திரும்பி வந்து, சாப்பிட்டுத் தூங்கினாள் என்று ஒருத்தியைப் பற்றியாவது ஒரு பாட்டு உண்டா என்று எனக்குத் தெரிந்த வரையில் யோசித்துப் பார்த்தேன். அகப்படவில்லை.

அப்போதுதான் என் நோட்டின் வலப்பக்கம் எனக்கு வேறு மாதிரி தெரிந்தது. நான் ஆராய்ச்சி மாணவியாக இருந்த காலத்தில் நூலகத்துக்குப் போவதென்றால், அப்பாவோ அண்ணனோ வண்டியில் கொண்டுவிட வேண்டும். அவர்கள் மறுத்ததில்லை. ஆனால் ஒவ்வொரு முறையும் கேட்க வேண்டும். எதற்கு, யார் வருவார்கள், எத்தனை மணிக்கு வருவாய் என்ற மூன்றுக்கும் பதில் வைத்திருக்க வேண்டும். பேருந்தையும் நான் சார்ந்துதான் இருக்கிறேன். அது இல்லாமல் நான் எங்கும் போக முடியாது. ஆனால் பேருந்து ஏன் என்று கேட்பதில்லை. சீட்டு இருக்கிறதா என்று மட்டும் கேட்கிறது. எவரையும் சாராமல் இருப்பதுதான் சுதந்திரம் என்றால் அது யாருக்கும் இல்லை. கார் ஓட்டுகிறவரும் சாலை போட்டவரைச் சார்ந்தவர்தான். எனக்கு வேண்டியது சார்பே இல்லாத வாழ்க்கை அல்ல. தயவு கேட்க வேண்டியிராத சார்பு. போய்விட்டுத் திரும்பலாம் என்ற உறுதி இருந்தால்தான் சாதாரணமாகப் போக முடியும். இல்லையென்றால் ஒவ்வொரு போக்கும் உடன்போக்காகவோ துறவாகவோ ஆகிவிடுகிறது.

இப்படி ஒரு முடிவுக்கு வந்த திருப்தியோடுதான் சனிக்கிழமை ஓர்வியேத்தோ போய்ச் சேர்ந்தேன். மறுநாள் பாஞ்ஞொரேஜோவுக்குப் பேருந்தில் போய், மண்சரிவால் தேய்ந்துகொண்டே வரும் சிவிதா என்ற சிற்றூரை நடைபாலம் வழியே போய்ப் பார்ப்பதாக எழுதியிருந்தேன். புகையிலைக் கடையில் சீட்டுக் கேட்டதும் அந்தம்மா விரலை ஆட்டினாள். "தொமேனிகா, நோ." ஞாயிற்றுக்கிழமை வண்டி கிடையாது. ஃபெரியாலே என்ற சொல்லை நோட்டில் எழுதியவளே அதை மறந்துவிட்டேன்.

அதனால் ஞாயிறு மதியம் ஓர்வியேத்தோவின் பழைய கோட்டைப் பூங்காவில் உட்கார்ந்திருந்தேன். பெஞ்சுகளில் ஐம்பது வயதை ஒட்டிய பெண்கள் சிலர் சாப்பாட்டுப் பொட்டலங்களைப் பிரித்து வைத்துப் பேசிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் பேசியது இத்தாலிய மொழி இல்லை. ஒருவர் எனக்கும் ஒரு துண்டு கேக்கை நீட்டினார். எங்கள் இருவரின் கைபேசிகளும் எங்களுக்காக மொழிபெயர்த்தன. அவர் மால்டோவாக்காரர். பக்கத்துச் சிற்றூர் ஒன்றில் தொண்ணூறு வயது மூதாட்டி ஒருவரை வீட்டோடு தங்கிப் பார்த்துக்கொள்கிறார். இத்தாலியில் இந்த வேலை செய்பவரைப் பாதாந்தே என்பார்கள். பிள்ளைகள் நகரங்களுக்குப் போய்விட்ட வீடுகளில் முதியவர்களைத் தூக்கி, குளிப்பாட்டி, ஊட்டி வைத்திருப்பவர்களில் பெரும்பாலோர் இப்படி வேறு நாடுகளிலிருந்து வந்த பெண்கள். வீட்டோடு தங்கி வேலை செய்பவருக்கு வாரம் 36 மணி நேர ஓய்வு உண்டு என்கிறது வீட்டு வேலைக்கான தேசிய ஒப்பந்தம். அதில் 24 மணி நேரம் ஞாயிறன்று.

"ஞாயிறு பஸ் இல்லையே, எப்படி வந்தீர்கள்?" என்று கேட்டேன்.

"அந்தம்மாவின் மகன் வருகிற ஞாயிறுகளில் காரில் கொண்டுவந்து விடுவார். சாயங்காலம் கூட்டிப்போவார். நல்லவர்." கைபேசியில் கொஞ்ச நேரம் தட்டினார். "ஆனால் கேட்க வேண்டும். ஒவ்வொரு வாரமும் கேட்க வேண்டும்."

அவர் வராத ஞாயிறுகளில் என்ன செய்வீர்கள் என்றேன். வீட்டில்தான் என்றார். வீட்டில் இருந்தால் கிழவி கூப்பிடுவாள். கூப்பிட்டால் போகாமல் இருக்க முடியுமா என்று சிரித்தார்.

அவருடைய ஓய்வு தாளில் இருக்கிறது. அந்த ஓய்வை அவர் வீட்டுக்கு வெளியே கழிக்க வேண்டும் என்றால் வண்டி வேண்டும். அந்த வண்டி அன்றைக்குத்தான் இல்லை. அட்டவணையை எழுதியவர் யாரும் அவருக்குத் தீங்கு நினைத்திருக்க மாட்டார். பள்ளிப் பிள்ளைகளை எண்ணினார்கள், அலுவலகம் போகிறவர்களை எண்ணினார்கள். ஞாயிறன்று ஆளில்லை என்று முடிவு கட்டினார்கள். வீட்டுக்குள் வேலை பார்க்கும் பெண் அந்தக் கணக்கில் வரவில்லை. எனக்கு அந்த ஞாயிறு போனால் திங்கள் இருந்தது. அவருக்கு அடுத்த ஞாயிறும் அதேதான். பேருந்து ஏன் என்று கேட்பதில்லை என்று பெருமையாக நினைத்தேனே, அந்த நாளில் இல்லாமல் இருப்பதாலேயே அது ஒருத்தியை வேறொருவரிடம் கேட்க வைத்துக்கொண்டிருந்தது.

திங்கள் காலை பாஞ்ஞொரேஜோ வண்டியில் ஏறினேன். சிவிதாவைப் பார்த்தேன். நேரத்துக்குத் திரும்பினேன். குறையொன்றுமில்லை. ஆனால் நோட்டில் ஞாயிற்றுக்கிழமையின் வலப்பக்கம் வெற்றாகவே இருக்கிறது. அதை நிரப்ப எனக்குத் தோன்றவில்லை.

தமிழ்நாட்டில் 2021இலிருந்து அரசின் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. என் மாணவிகள் பலரின் வாழ்க்கையை அது தொட்டிருக்கிறது. அப்பாவிடம் காசு கேட்க வேண்டாம் என்பது சிறிய காரியமில்லை. ஆனாலும் கல்லூரியில் மாலை வாசிப்புக் கூட்டம் நடக்கும்போது, விவாதம் சூடுபிடிக்கும் நேரத்தில் பின்வரிசையில் ஒருத்தி பையை எடுத்துக்கொண்டு எழுந்துவிடுவாள். ஆர்வம் இல்லாதவள் என்று நினைத்திருக்கிறேன். ஒரு முறை வகுப்பில் அப்படிச் சொல்லியும் இருக்கிறேன். அவள் பதில் சொல்லவில்லை.

ஊர் திரும்பிய வாரம் அவளைக் கூப்பிட்டு மன்னிப்புக் கேட்டேன். எதற்கு மேம் என்று குழம்பினாள். இப்போது கூட்டத்துக்கு நாள் குறிக்குமுன் ஒரு தாளை எல்லோருக்கும் சுற்றுக்கு விடுகிறேன். பெயர், ஊர், அந்த ஊருக்குக் கடைசிப் பேருந்து எத்தனை மணிக்கு. அதிலேயே முந்திப் போகும் வண்டி எதுவோ, அதற்கு அரை மணி முன்னால் கூட்டத்தை முடிக்கிறேன்.