விரல் ரேகையும் வினையின் ரேகையும்



"என் சினம் என் தந்தையார் தந்தது, குருதியில் வந்ததை எவ்வாறு மாற்றுவது?" என நம் இல்லத்து இளைஞர் சிலர் கூறக் கேட்கின்றோம். இதற்கு விடை காண நம் விரல் நுனியையே நோக்குவோம்.

விரல் ரேகைகள் பெற்றோரிடமிருந்து வருவனவா? கருவின் பத்தாம் வாரமளவில் இவை அரும்பத் தொடங்கி, ஆறு திங்களுக்குள் நிலைபெறுகின்றன. பிரான்சிஸ் கால்ட்டன் என்னும் ஆங்கில அறிஞர் 1892-ஆம் ஆண்டு வெளியிட்ட நூலில் இவற்றை வில், வளையம், சுழி என மூவகையாகப் பகுத்தார். ரேகைகளின் எண்ணிக்கையும் பொது அமைப்பும் பெரும்பாலும் பெற்றோர் வழி வருவனவே. கை கால்களை உருவாக்கும் மரபணுக்கள் பல இவற்றின் வடிவிலும் பங்கு கொள்கின்றன என 2022-இல் வெளியான ஆய்வு காட்டிற்று. ஆயினும், ஒரே கருவினின்று பிரிந்த இரட்டையரின் ரேகைகளும் முற்றும் ஒன்றாவதில்லை. பொது வடிவம் ஒத்திருக்கும். ரேகை எங்கே கிளைக்கின்றது, எங்கே முடிகின்றது என்னும் நுட்பங்கள் வேறுபடும். கருப்பையில் ஒவ்வொரு விரலும் வளர்ந்த வகையில் நேர்ந்த சிறு வேறுபாடுகளே இதற்குக் காரணம்.

உடலின் உறுப்பும் வடிவும் நாம கருமத்தால் அமைவன என்றும், அக்கருமம் பல்வேறு உருவங்களைத் தீட்டும் ஓவியனை ஒக்கும் என்றும் நம் ஆசாரியர்கள் உரைத்தனர். தாய் தந்தையர் நிமித்தமாவர்; வினையோ அவ்வவ்வுயிர் தானே ஈட்டியது. விரல் ரேகை வினைக் கொள்கையை மெய்ப்பித்துவிட்டது என்று யான் கூற வரவில்லை, உவமையாகவே கொள்க.

சினமோ நாம கருமத்தின் பாற்பட்டதன்று. மோகநீயத்தின் பாற்பட்ட கசாயம். தந்தையின் சினத்தைக் கண்டு மகன் பழகலாம். உடலியல்பும் துணை நிற்கலாம். ஆயின், சினக்கும் கணத்தில் வினையைக் கட்டிக்கொள்பவன் மகனே. அதில் தந்தைக்குப் பங்கில்லை. அவ்வாறே, தந்தை நோற்ற நோன்பின் பயனும் மகனுக்கு வாராது. குலப்பெருமை பேசுவோரும் இதனை நினைத்தல் நன்று.

இன்னொன்று: விரலின் மேல்தோல் தீய்ந்தாலும், ஆறியபின் ரேகை முன்போலவே தோன்றும். வினையின் ரேகை அத்தகையதன்று. புதுவினை வரும் ஊற்றை அடைத்தல் செறிப்பு. பழவினையைத் தவத்தால் தேய்த்தல் உதிர்ப்பு. இவ்விரண்டும் நம் கையிலேயே உள்ளன. அடுத்த முறை சினம் எழுங்கால், மறுமொழி கூறுமுன் பஞ்ச மந்திரத்தை ஒருமுறை மனத்துள் ஓதுங்கள். தந்தை அடக்காத சினத்தை மகன் அடக்குவானாயின், அவ்வில்லத்துப் பிள்ளைகள் கண்டு பழகுவதும் வேறாகும்.

அறம் வளர்க!