ஆளுகையும் காவலும்

உலகத்துப் பொருள்கள் யாவும் மக்கள் நுகர்ச்சிக்கென்றே அமைந்தனவோ, அன்றித் தமக்கென ஒரு நன்மை உடையனவோ என்னும் வினாவைக் கிறிஸ்து சமயத்தாரிடையே 1967-ஆம் ஆண்டில் வன்மையாக எழுப்பினார் லின் ஒயிட் என்னும் அமெரிக்க வரலாற்றாசிரியர். இயற்கை அடைந்துள்ள கேட்டிற்கு மேனாட்டுக் கிறிஸ்து சமயக் கருத்தே வேரென்பது அவர் கூற்று. ஆதியாகமத்து முதல் அதிகாரம், பூமியைக் கீழ்ப்படுத்தி உயிர்களை ஆளும் உரிமையை இறைவன் மனிதனுக்கு அளித்ததாகக் கூறுதல் அதற்குச் சான்றாயிற்று.

அச்சமயத்தார் இதற்கு விடையினை அந்நூலின் இரண்டாம் அதிகாரத்தினின்றே எடுப்பர். ஏதேன் தோட்டத்தைப் பண்படுத்தவும் காக்கவுமே மனிதன் வைக்கப்பட்டான் என்பது ஆண்டுக் காணப்படும். உடையவன் இறைவன், மனிதன் காவலன், ஆதலின் கணக்குக் காட்டக் கடவன். மறைந்த போப்பாண்டவர் பிரான்சிஸ் 2015 ஜூன் திங்களில் வெளியிட்ட 'லவுதாத்தோ சி' என்னும் திருமுகம் இவ்விடையை விரித்துரைப்பதோடு அமையாது ஒருபடி மேற்செல்கின்றது. ஏனைய உயிர்கள் மனிதனுக்குப் பயன்படுதலான் மட்டுமன்றி, இறைவன் திருமுன் தமக்கே உரிய மதிப்பும் உடையன என்கின்றது. இது சிறு மாறுதலன்று. காவலன் உடையவனுக்கு அஞ்சிக் காப்பான். பொருளின் நன்மையை உணர்ந்தவனோ கேட்பார் இல்லாவிடத்தும் காப்பான். விலங்கும் பறவையும் பசுவருக்கத்தினவே எனக் கொள்ளும் நம்மனோர்க்கு இதில் வியப்பில்லை. எனினும் கொள்கை வேறு, ஒழுக்கம் வேறென்பதை அடையாற்றங்கரையில் ஒருநாள் நடந்தார்க்கு யாம் உரைக்கவேண்டுவதின்று.

அவ்வாறு சாந்தோமுக்குத் தெற்கே கடலொடு கலப்பது. திருமுகம் வெளிவந்த அவ்வாண்டின் டிசம்பர்த் தொடக்கத்திலேயே, பெருமழையும் செம்பரம்பாக்கம் ஏரியினின்று திறந்த நீரும் ஒருங்கு கூட, அது கரைபுரண்டு சைதாப்பேட்டை, கோட்டூர்புரம் முதலிய இடங்களை ஆழ்த்திற்று. பின்னர் ஆற்றைச் செப்பனிடும் பொருட்டுக் கரைவாழ் ஏழைக் குடும்பங்கள் பல பெரும்பாக்கத்து அடுக்குவீடுகளுக்குப் பெயர்க்கப்பட்டன. அப்பெரும்பாக்கமோ பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்தை அடுத்த தாழ்நிலம்! மீனம்பாக்கத்து வானூர்தி நிலையத்தின் ஓடுபாதையொன்று இன்றும் அவ்வாற்றின் மேலேயே பாலமாய்க் கிடக்கின்றது. அதனைப் பெயர்ப்பார் இலர்.

ஈண்டுத்தான் அத்திருமுகத்தின் மற்றொரு கருத்து நமக்கு அளவுகோலாகின்றது. நிலத்தின் ஓலத்தையும் ஏழையின் ஓலத்தையும் ஒருங்கே கேட்டல் வேண்டும் என்பது அது. ஒன்றைக் கேட்டு மற்றொன்றற்குச் செவி மூடுவது காவலாகாது. அற்றேல், கரையிலிருப்போர் அடுத்த வெள்ளத்தில் மாளவோ எனின், அன்று. அவரை அபாயத்தினின்று நீக்குதல் அருட்செயலே. ஆயின், நீக்குமுன் அவர் இசைவு பெறுதல் வேண்டும். பிழைப்பிற்கு அணித்தாய இடமும் தருதல் வேண்டும். ஆற்றின் இடத்தைக் கவர்ந்த வலியாரையும் அவ்வளவு விரைவாகவே வினவுதல் வேண்டும். மயிலையிலும் அடையாற்றிலும் வீட்டுவேலை செய்து உண்ட மகளிர் பெரும்பாக்கத்தினின்று நாடோறும் பேருந்தேறி வருமாறு விட்டபின், இவை நிறைவேறின எனத் துணிந்துரைத்தற்கு எமக்கு இடமின்று.