வராமலிருப்பதற்குக் கூலி

நெதர்லாந்தில் ஸூட்டர்மேர் என்ற ஊரிலிருந்து தி ஹேக் நகரத்துக்கு வேலைக்குக் காரில் போகிறவர்களுக்கு ஏ12 நெடுஞ்சாலைதான் முக்கிய வழி. 2006-ஆம் ஆண்டின் கடைசி மாதங்களில் அவர்களில் 340 பேருக்கு ஒரு விசித்திரமான கூலி கிடைத்தது. காலை ஏழரைக்கும் ஒன்பதரைக்கும் இடையே அந்தச் சாலையில் கார் ஓட்டாமல் இருந்தால் நாளொன்றுக்கு 3 முதல் 7 யூரோ வரை. முன்னதாகக் கிளம்பலாம், பிந்திக் கிளம்பலாம், ரயிலேறலாம், வீட்டிலிருந்தே வேலை பார்க்கலாம். கேமராவில் வண்டி எண் பதிவாகாமல் இருந்தால் போதும். பங்கேற்றவர்களின் உச்சநேரப் பயணம் ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. காசு நின்றதும் பெரும்பாலோர் பழைய நேரத்துக்கே திரும்பிவிட்டார்கள்.

செய்யாத வேலைக்குக் கூலியா என்று சிரிக்கலாம். ஆனால் அதன் பின்னாலுள்ள கணக்கு சரியானது. ஒரு சாலை மணிக்கு இத்தனை வண்டிகளைத்தான் கடத்திவிடும். அதற்கு மேல் வருபவை வரிசையில் நிற்கும். அந்த வரிசையில் சேரும் ஒவ்வொரு வண்டியும் தனக்குப் பின்னால் வருகிற எல்லாரையும் கொஞ்சம் தாமதப்படுத்துகிறது. தான் காத்திருப்பது ஓட்டுநருக்குத் தெரியும். பிறரைக் காக்கவைப்பது அவர் கணக்கில் ஏறுவதே இல்லை. பள்ளி விடுமுறை நாட்களில் கொஞ்சம் வண்டிகள் குறைந்ததுமே சாலை இளகிவிடுவதை எல்லா ஊர்க்காரர்களும் பார்த்திருப்பார்கள். சிலர் மட்டும் நேரத்தை மாற்றிக்கொண்டால் அத்தனை பேரின் காலைப்பொழுதும் மாறும் என்னும்போது, அந்தச் சிலருக்குக் காசு கொடுப்பதில் என்ன தவறு?

தவறு என்று முதலில் சொல்லக்கூடியவர், ஏற்கெனவே ரயிலிலோ சைக்கிளிலோ போய்க்கொண்டிருந்தவர். அவருக்கு அழைப்பே வரவில்லை. நெரிசல் நேரத்தில் அந்தச் சாலையில் அடிக்கடி தென்பட்ட வண்டிகளின் எண்களைப் பார்த்துத்தான் ஆள் சேர்த்தார்கள். முன்பு அதிகமாக ஓட்டியவருக்குச் சன்மானம் பெறும் வாய்ப்பும் அதிகம். திட்டம் போட்டவர்களைக் குறை சொல்வதற்கில்லை. எப்படியும் வரப்போகாதவருக்கு, வராததற்காகக் காசு கொடுத்தால் கஜானா காலியாகுமே தவிர சாலை காலியாகாது. ஆனாலும் ஒழுங்காக இருந்தவருக்கு ஒன்றுமில்லை, இடைஞ்சல் செய்தவருக்குப் பணமுடிப்பு என்ற மனத்தாங்கலை வெறும் பொறாமை என்று தள்ளிவிட முடியாது. அதற்குள் ஓர் உரிமைப் பிரச்சினை இருக்கிறது. ஒருவரிடமிருந்து ஒன்றை விலைக்கு வாங்குகிறோம் என்றால் அது அவருடையது என்று ஒப்புக்கொள்கிறோம். காலை எட்டரை மணிச் சாலையை ஓட்டுநரிடமிருந்து அரசு விலைக்கு வாங்கும்போது, அது அவருக்குச் சொந்தமாக இருந்தது என்றாகிறது. எப்போது எழுதிக்கொடுத்தோம்?

சிங்கப்பூர் இதற்கு நேர்மாறான பதிலை 1975-லேயே சொல்லிவிட்டது. காலை நேரத்தில் நகர மையத்துக்குள் கார் வர வேண்டுமானால் அன்றைக்கு 3 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) கொடுத்து அனுமதிச் சீட்டு வாங்க வேண்டியிருந்தது. 1998-இல் அது மின்னியல் சாலைக் கட்டணமாக மாறியது. நேரத்துக்கும் இடத்துக்கும் ஏற்ப கட்டணம் ஏறி இறங்கும். ஸ்டாக்ஹோம் 2006-இல் ஏழு மாதம் இதைச் சோதித்துப் பார்த்து, மக்களிடம் வாக்கெடுத்து, அடுத்த ஆண்டு நிரந்தரமாக்கியது. வெறும் கணக்காகப் பார்த்தால், வந்தால் ஐந்து ரூபாய் கட்டு என்பதும் வராவிட்டால் ஐந்து ரூபாய் வாங்கிக்கொள் என்பதும் ஓட்டுநரை ஒரே அளவுக்குத்தான் தூண்டும். சாலை யாருடையது என்ற கேள்விக்குத்தான் இரண்டும் வேறு வேறு பதில் சொல்கின்றன. பொதுச் சொத்து என்று நினைப்பவர் கட்டணத்தின் பக்கம்தான் சாய வேண்டும்.

ஆனால் அந்தப் பக்கம் சாய்ந்த உடனேயே வேறு ஒருவர் குறுக்கே வருகிறார். எட்டு மணிக்குப் பணிமாற்றம் உள்ள செவிலியர். குழந்தையைப் பள்ளியில் விட்ட பிறகுதான் கிளம்ப முடிகிற தாய். நேரத்தை மாற்றிக்கொள்ளும் வசதி ஊதியத்தோடு சேர்ந்தே உயர்கிறது என்பது அலுவலகங்களைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். மேலாளர் பத்தரைக்கு வந்தால் அவருக்கு வெளியே ஏதோ கூட்டம் இருந்திருக்கும். கடைநிலை ஊழியர் ஒன்பது பத்துக்கு வந்தால் அது தாமதம். கட்டணம் போட்டால், நேரத்தை மாற்ற முடிந்தவர் தப்பித்துக்கொள்வார், முடியாதவர் கட்டுவார். சன்மானம் கொடுத்தால், முடிந்தவருக்குக் காசு கிடைக்கும், முடியாதவருக்குக் கையிலிருந்து எதுவும் போகாது. அதோடு அவர் போகும் சாலையும் கொஞ்சம் காலியாக இருக்கும். யாருடைய உரிமை என்ற கேள்வியில் தோற்ற சன்மானம், யார் வலி தாங்குவது என்ற கேள்வியில் ஜெயித்துவிடுகிறது. இரண்டில் எதற்கு முன்னுரிமை என்று கேட்டால், வலிக்குத்தான்.

காசு கலந்தால் நல்லெண்ணம் கெட்டுவிடும் என்று இன்னொரு வாதம் உண்டு. பிரிட்டிஷ் சமூகவியலாளர் ரிச்சர்ட் டிட்மஸ் 1970-இல் இரத்த தானம் பற்றிய தம் நூலில் இதை வலுவாக முன்வைத்தார். இரத்தத்துக்கு அது பொருந்தலாம். எட்டரை மணிக்குக் காரை எடுக்காமலிருப்பதைத் தர்மமாக நினைத்துச் செய்பவர்கள் மிகக் குறைவு. கெட்டுப்போவதற்கு அங்கே நல்லெண்ணம் இருந்தால்தானே!

நம் பக்கத்திலேயே ஒரு சோதனை நடந்திருக்கிறது. பெங்களூரு எலெக்ட்ரானிக் சிட்டிக்கு ஓசூர் சாலை வழியாக ஊழியர்கள் வந்து சேர்வதே பெரும்பாடாக இருந்த காலம். 2008 அக்டோபரில் இன்ஃபோசிஸ் நிறுவனம், ஸ்டான்ஃபோர்டு பேராசிரியர் பாலாஜி பிரபாகர் குழுவோடு சேர்ந்து ஆறு மாதத் திட்டமொன்றைத் தொடங்கியது. காலையில் சீக்கிரம் வந்து சேர்பவர்களுக்குப் புள்ளிகள், புள்ளிகளை வைத்து வாராவாரம் குலுக்கல். 500 ரூபாய் முதல் 12,000 ரூபாய் வரை 66 பரிசுகள். மொத்தம் வாரத்துக்கு 96,000 ரூபாய். சுமார் 14,000 ஊழியர்களுக்குப் பிரித்துக் கொடுத்திருந்தால் தலைக்கு ஏழு ரூபாய்கூட வந்திருக்காது. ஏழு ரூபாய்க்காக யார் அலாரத்தை முன்னே தள்ளி வைப்பார்கள்? பன்னிரண்டாயிரம் விழலாம் என்றால் வைப்பார்கள். எட்டு மணிக்கு முன் வருகிறவர்கள் ஏறத்தாழ இரண்டாயிரத்திலிருந்து நாலாயிரம் ஆனார்கள். பேருந்தில் வருபவர்களின் சராசரிக் காலைப் பயணம் 71 நிமிடத்திலிருந்து 54 நிமிடமாகக் குறைந்தது. 2003-இல் லாட்டரியையே தடை செய்த தமிழ்நாட்டில் இதைக் கேட்டால் சிலர் முகம் சுளிக்கலாம். ஆனால் இங்கே சீட்டு வாங்கக் காசு இல்லை, பரிசு விழாதவருக்கும் பதினேழு நிமிடம் மிச்சம். சூதாட்டம் என்று இதைச் சொல்வது அநியாயம்.

அதே ஓசூர் சாலையில் 2010 ஜனவரியில் சுமார் பத்து கிலோமீட்டர் நீள மேம்பாலம் திறக்கப்பட்டது. சுங்கம் கட்டினால் மேலே போகலாம், கட்டாதவர்கள் கீழே. நெரிசலைத் தீர்க்கும் வழிகளில் இதுதான் மனசாட்சிக்குக் குறைவாக வேலை வைக்கிறது. ஒரே நேரத்தில் ஒரே இடத்துக்குப் போகும் இரண்டு பேரைப் பணப்பையைப் பார்த்து மேலும் கீழுமாகப் பிரித்துவிட்டால், நேரம் என்ற கேள்வியே எழாது.

குலுக்கல் அதைவிட எவ்வளவோ மேல் என்றாலும் அதற்குள்ளும் ஒரு பள்ளம் இருக்கிறது. எந்த அலுவலக வளாகத்திலும் ஊழியர் ஏழரைக்கு உள்ளே வர வேண்டுமானால், பெருக்கித் துடைப்பவர் ஐந்தரைக்கு வர வேண்டும். கேன்டீனில் அடுப்பு அதற்கும் முன்னால் எரிய வேண்டும். பேருந்து ஓட்டுநர் இருட்டில் டிப்போவுக்குப் போக வேண்டும். ஒருவர் விரும்பி முன்னே நகர்த்திக்கொள்ளும் ஒரு மணி நேரம், விருப்பம் கேட்கப்படாத பலரின் தூக்கத்திலிருந்து கழிகிறது. பரிசுத் திட்டம் தீட்டுபவர்கள் இவர்களையும் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும். சேர்த்தால் செலவு கொஞ்சம்தான் கூடும்.

இந்த வகையில் சிங்கப்பூர் 2013-இல் செய்தது கவனிக்கத் தக்கது. வார நாட்களில் காலை 7.45-க்கு முன் நகர மையத்திலுள்ள குறிப்பிட்ட பெருவிரைவு ரயில் நிலையங்களில் இறங்கினால் பயணம் இலவசம். புதிதாக நேரம் மாற்றியவரா, பல வருடமாக விடியலிலேயே வந்து தரை துடைப்பவரா என்று கேட்கவில்லை. இருவருக்கும் இலவசம். 2017 கடைசியில் அது எல்லா நிலையங்களுக்கும் பொருந்தும் 50 சென்ட் வரையிலான தள்ளுபடியாகச் சுருங்கியது. நெதர்லாந்துக் கணக்குப்படி பார்த்தால் இதில் பெரும்பகுதி விரயம், எப்படியும் வரக்கூடியவருக்குக் கொடுத்த பணம். அந்த விரயம்தான் இந்த ஏற்பாட்டின் நியாயம். சைக்கிள்காரரின் மனத்தாங்கலுக்கு இதைவிட மலிவான மருந்து இல்லை.

இவ்வளவு பேசியும், எட்டரை மணி என்பதை முடிவு செய்தவர் யார் என்பது விட்டுப்போகிறது. ஓட்டுநர் அல்லர். அலுவலகமும் பள்ளியும் ஒன்றையொன்று பார்த்துக்கொள்ளாமல் வாயிலைத் திறக்கிற நேரம் அது. இன்ஃபோசிஸ் செய்ததில் இந்த வகையில் ஒரு நேர்மை இருந்தது. நேரத்தை வைத்தவரே பரிசுக்கும் பணம் போட்டார். பொதுப்பணத்தில் ஓட்டுநருக்குச் சன்மானம் கொடுக்கும் அரசு, அவருடைய முதலாளியை விட்டுவிடுகிறது. வருகைப் பதிவேடு ஒன்பது மணியிலேயே நிற்க, ஊழியரை மட்டும் அசைக்கப் பார்க்கிறது. காசு நின்றதும் ஏ12-இல் பெரும்பாலோர் பழைய நேரத்துக்கே திரும்பியதில் வியப்பு என்ன? முதலில் அலுவலகங்கள் நேரத்தைப் பிரித்துப் போடட்டும், பள்ளி மணியை ஊர் கூடித் தள்ளி வைக்கட்டும். அதற்குப் பிறகும் நெரிசல் மிஞ்சினால், ஓட்டுநரிடம் காசு கேட்பதா, அவருக்குக் காசு கொடுப்பதா என்று பேரம் பேசலாம்.