கடைசி பெஞ்சில் ஒருவர்

அம்பத்தூர் ஓ.டி.யில் ஒரு மருந்துக்கடைக்கு மேல்மாடியில் மூன்று வருடமாக ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பு எடுக்கிறேன். எஸ்டேட்டில் ஷிஃப்ட் முடித்தவர்கள் ஏழு மணிக்கு வருவார்கள். கையைத் தேய்த்துக் கழுவிவிட்டுத்தான் வருவார்கள். ஆனாலும் நோட்டின் ஓரத்தில் கிரீஸ் ரேகை இருக்கும். போன வருடம் ஒருநாள், லேத் ஓட்டும் அண்ணன் ஒருவர் கேட்டார்: "‘ஐ டிட் நாட் வென்ட்’னு ஏன் சார் சொல்லக் கூடாது? நேத்து நடந்ததுதானே? அப்ப ‘வென்ட்’தானே வரணும்?"

நியாயமான கேள்வி. எனக்கு விடை தெரியவில்லை. "அது அப்படித்தாண்ணே, ரூல்" என்றேன். அவர் தலையாட்டிவிட்டு, நோட்டில் ‘ரூல்’ என்று எழுதிக்கொண்டார். அவர் எழுதிக்கொண்டதுதான் என்னைத் தூங்கவிடவில்லை.

ஏனென்றால் அதற்கு மூன்று வாரம் முன்புதான் நான் வெளிநாட்டில் ஆங்கிலம் கற்பிக்கத் ‘தகுதி’ பெற்றிருந்தேன். 120 மணிநேர டெஃபெல் சர்ட்டிஃபிகேட். ஆன்லைன், தள்ளுபடி விலை. 120 மணிநேரத்தை ஒன்பது ராத்திரியில் முடித்தேன். தேர்வில் தப்பு விட்டால் மறுபடி எழுதலாம், எத்தனை தடவை வேண்டுமானாலும். டெஃபெல் என்பது பொதுப்பெயர். அதற்கு உலகம் முழுமைக்குமான ஓர் அதிகார அமைப்பு கிடையாது. யார் வேண்டுமானாலும் கோர்ஸ் விற்கலாம்.

இன்னொரு வழி கேம்பிரிட்ஜின் செல்டா, அல்லது டிரினிட்டியின் செர்ட் டிசால். செல்டாவும் 120 மணிநேரம்தான். ஆனால் அதில் ஆறு மணிநேரம், உண்மையான மாணவர்களுக்கு, இரண்டு நிலைகளில், நாம் பாடம் நடத்தவேண்டும். பயிற்சியாளர் பின்னால் உட்கார்ந்து பார்ப்பார். வகுப்பு முடிந்ததும் எங்கே சொதப்பினோம் என்று சொல்வார். ஃபெயிலும் ஆகலாம். செலவு லட்சத்தைத் தாண்டும்.

அம்மா எக்ஸ்போர்ட் கம்பெனியில் தைக்கிறவள். செயினை அடகு வைக்கட்டுமா என்று கேட்டபோது நான் மழுப்பினேன். அவள் விடவில்லை. "ரெண்டும் பேப்பர்தானேடா? என்ன வித்தியாசம்?"

பூந்தமல்லியில் நான் பார்த்த ஏஜென்டும் ஏறக்குறைய அதையேதான் சொன்னார். "ஆன்லைன் போதும் தம்பி. அங்க பாஸ்போர்ட்டத்தான் பாப்பான், பாடத்தையா பாக்கப் போறான்?"

அவர் சொன்னதில் பாதி உண்மை. தென்கொரியாவின் ஆங்கில ஆசிரியர் விசா பொதுவாக ஏழு நாட்டுக் குடிமக்களுக்கானது: அமெரிக்கா, பிரிட்டன், கனடா, அயர்லாந்து, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, தென்னாப்பிரிக்கா. 2010-ல் நடைமுறைக்கு வந்த இந்திய–கொரிய ஒப்பந்தம், நம்மவர் உதவி ஆசிரியராக நுழைய ஒரு சின்ன வழி வைத்தது. அவ்வளவுதான். தாய்மொழியாளரே சிறந்த ஆசிரியர் என்ற நம்பிக்கையை ராபர்ட் ஃபிலிப்சன் 1992-லேயே ஒரு போலிவாதம் என்று எழுதிவிட்டார். விசா அலுவலகங்கள் அதைப் படித்ததாகத் தெரியவில்லை.

இத்தனைக்கும், இன்று உலகமெங்கும் பேசப்படும் செயல்வழி மொழிக்கற்பித்தலின் தொடக்கங்களில் ஒன்று நம் பக்கத்து வகுப்பறைகளில்தான். என்.எஸ். பிரபு 1979 முதல் 1984 வரை பெங்களூர், சென்னை உள்ளிட்ட ஊர்களின் சாதாரணப் பள்ளிகளில் அதைச் செய்துபார்த்தார். இலக்கணம் நடத்தாமல், ரயில் கால அட்டவணையைக் கொடுத்து, எந்த வண்டியில் போனால் எப்போது போய்ச் சேரலாம் என்று கண்டுபிடிக்கச் சொன்னார். ஆவடி லோக்கலைப் பிடிக்க ஓடுகிறவனுக்கு இது புரியும். கவனம் வண்டியில் இருக்கும்போது மொழி உள்ளே போய்விடுகிறது.

அதே பிரபு 1990-ல் எழுதிய கட்டுரையில், எல்லோருக்கும் சிறந்த முறை என்று ஒன்று கிடையாது என்கிறார். தான் செய்வது எப்படிப் பலிக்கிறது என்ற உணர்வு ஆசிரியருக்குள் உயிரோடு இருக்கிறதா என்பதுதான் அவருக்கு முக்கியம். ‘ரூல்’ என்று சொன்ன அன்று எனக்குள் அது செத்துக் கிடந்தது.

இங்கேதான் நான் இரண்டு கேள்விகளைப் போட்டுக் குழப்பிக்கொண்டிருந்தேன். வாசலில் நிற்பவன் என்ன கேட்கிறான் என்பது ஒன்று. உள்ளே உட்கார்ந்திருக்கும் மாணவருக்கு நான் என்ன கடன்பட்டிருக்கிறேன் என்பது வேறொன்று. வாசல் அநியாயமானது. ஆனால் எனக்கு நடந்த அநியாயத்தை, ஹனோயிலோ பாங்காக்கிலோ இருக்கும் ஒரு பத்து வயதுக் குழந்தையின் தலையில் இறக்கிவைக்க அது எனக்கு உரிமை தராது. நான் தப்பாகச் சொல்லிக்கொடுத்தால் அந்தக் குழந்தைக்குத் தெரியவே தெரியாது. லேத் அண்ணனைப்போல நம்பி எழுதிக்கொள்ளும்.

அதற்காக, பணமில்லாமல் மலிவு சர்ட்டிஃபிகேட் வாங்குகிறவர்களை நேர்மையற்றவர்கள் என்று சொல்லமாட்டேன். நானும் வாங்கினவன்தான். திருத்தப்படுவதற்கே லட்ச ரூபாய் ஆகிறது என்பது வெட்கக்கேடு.

அதனால் முதலில் செலவில்லாத ஒன்றைச் செய்தேன். எங்கள் தெருவில் அரசுப் பள்ளியில் ஓய்வுபெற்ற ஒரு டீச்சர் இருக்கிறார். வாரம் ஒருநாள் என் வகுப்பில் வந்து உட்காரச் சொன்னேன். கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார். அன்று எனக்கு வேர்த்த வேர்வை, எந்த ஆன்லைன் தேர்விலும் வந்ததில்லை. முடிந்ததும், "முக்காவாசி நேரம் நீயே பேசறப்பா" என்றார். அப்புறம் அந்த ‘வென்ட்’ கதையைச் சொன்னேன். சிரித்தார். "தமிழ்ல ‘போனேன் இல்லை’ன்னா சொல்றோம்? ‘போகலை’ன்னுதானே? நேத்துங்கறது அதுல எங்க இருக்கு? இங்கிலீஷ்ல அது ‘டிட்’லயே வந்துடுச்சு. ரெண்டாவது தடவ எதுக்கு?"

ஏழு நாட்டுப் பாஸ்போர்ட்டில் எது வைத்திருப்பவரும் அந்த அண்ணனுக்கு இப்படிச் சொல்லியிருக்க முடியாது, தமிழ் தெரிந்தாலொழிய.

மறுநாள் அண்ணனிடம் சொன்னேன். அவர் நோட்டைப் புரட்டி, அந்த ‘ரூல்’ இருந்த பக்கத்தைத் தேடி எடுத்து, அதன் கீழே ‘போகலை’ என்று எழுதினார்.

அம்மாவுக்கு இப்போது பதில் சொல்லிவிட்டேன். ஒன்றில் நான் பாடம் நடத்தியதை யாரோ உட்கார்ந்து பார்த்திருப்பார்கள்மா. இன்னொன்றில் யாரும் பார்க்கவில்லை. செயினை வைக்க வேண்டாம், மாதாமாதம் சீட்டு கட்டுகிறேன், எடுத்ததும் செல்டாவுக்குப் போடுகிறேன் என்றேன். "அதுவரைக்கும்?" என்றாள்.

அதுவரைக்கும் வியாழக்கிழமைதோறும் டீச்சர் வருகிறார்.